தமிழ்நாட்டின் 15-வது சட்டமன்றப் பேரவை (2016–2021): உறுப்பினர் எண்ணிக்கையும் கட்சி நிலவரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையில் அ.தி.மு.க.வுக்கு எத்தனை இடங்கள் என்று தேடுவோருக்கு 134, 136, 123, 125, 124 என ஐந்து விடைகள் கிடைக்கின்றன. ஐந்தும் சரியானவையே. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளின் கணக்கு. முதலமைச்சரின் மறைவு, ஆளுங்கட்சியின் பிளவு, ஒரே நாளில் 18 உறுப்பினர்களின் தகுதிநீக்கம், 22 தொகுதிகளின் இடைத்தேர்தல், பெருந்தொற்று என ஐந்தாண்டுகளுக்குள் இத்தனையையும் கண்ட பேரவையின் நிலவரத்தை ஒரே எண்ணில் சொல்லிவிட முடியாது. எண்கள் எப்போது, ஏன் மாறின என்பதையும், அவை மாறும்போதெல்லாம் எந்த ஊர் மக்கள் உறுப்பினர் இல்லாமல் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் இந்தக் கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன.

பேரவையில் மொத்தம் எத்தனை உறுப்பினர்கள்?

தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் 234 பேர். 1967 தேர்தலிலிருந்து இந்த எண்ணிக்கை மாறவில்லை. 2008-ம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையின்படி இவற்றில் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கும், ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. ஆங்கிலோ இந்திய சமூகத்துக்கென ஒரு நியமன இடமும் அப்போது இருந்தது. 104-வது அரசியலமைப்புத் திருத்தத்தால் அந்த நியமன முறை 2020 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. கீழே வரும் கணக்குகள் அனைத்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட 234 இடங்களைப் பற்றியவை. சட்ட மேலவை 1986 நவம்பர் 1-ம் தேதி ஒழிக்கப்பட்டுவிட்டதால் தமிழ்நாட்டுக்கு இருப்பது பேரவை ஒன்றுதான்.

2016 தேர்தல் முடிவுகள் 232 தொகுதிகளுக்கு மட்டும் வெளியானது ஏன்?

வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக எழுந்த புகார்களின் பேரில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரு தொகுதிகளின் தேர்தலைத் தேர்தல் ஆணையம் நிறுத்திவைத்தது. எனவே 2016 மே 16-ம் தேதி 232 தொகுதிகளில்தான் வாக்குப்பதிவு நடந்தது. மே 19-ம் தேதி வெளியான முடிவுகளில் அ.தி.மு.க. 134, தி.மு.க. 89, காங்கிரஸ் 8, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் 1 என இடங்கள் அமைந்தன.

இரு அணிகளுக்கும் இடையே இருந்த வாக்கு வேறுபாடு ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான். இடங்களின் வேறுபாடோ 36. தே.மு.தி.க.–மக்கள் நலக் கூட்டணி அணியும் பா.ம.க.வும் பா.ஜ.க.வும் நாம் தமிழர் கட்சியும் தனித்தனியாக நின்று ஓர் இடம்கூடப் பெறவில்லை. இரு கம்யூனிஸ்ட் கட்சிகளின் குரலும் இல்லாத பேரவையாக அது அமைந்தது. தொழிலாளர், விவசாயக் கூலிகள் சார்ந்த விவாதங்களில் அந்த இன்மை தெரிந்தது என்பது என் கருத்து.

134 என்பது 136 ஆனது எப்படி?

திருப்பரங்குன்றத்தில் வென்ற அ.தி.மு.க.வின் எஸ்.எம்.சீனிவேல், உறுப்பினராகப் பதவியேற்கும் முன்பே 2016 மே 25-ம் தேதி காலமானார். நிறுத்திவைக்கப்பட்ட இரு தொகுதிகளுக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் சேர்த்து 2016 நவம்பர் 19-ம் தேதி தேர்தல் நடத்தப்பட்டது. அரவக்குறிச்சியில் வி.செந்தில்பாலாஜி, தஞ்சாவூரில் எம்.ரங்கசாமி, திருப்பரங்குன்றத்தில் ஏ.கே.போஸ் என மூன்றிலும் அ.தி.மு.க. வென்றது. 136 + 89 + 8 + 1 = 234. பேரவை முதன்முறையாக முழு எண்ணிக்கையை எட்டியது அப்போதுதான். அது இரண்டு வாரங்கள்கூட நீடிக்கவில்லை. ஆர்.கே.நகர் உறுப்பினரும் முதலமைச்சருமான ஜெயலலிதா டிசம்பர் 5-ம் தேதி காலமானார்.

அ.தி.மு.க.வின் 136 பேரும் அந்தக் கட்சிக்காரர்களா?

இல்லை. மனிதநேய ஜனநாயகக் கட்சியின் தமிமுன் அன்சாரி நாகப்பட்டினத்திலும், தமிழ்நாடு கொங்கு இளைஞர் பேரவையின் தனியரசு காங்கேயத்திலும், முக்குலத்தோர் புலிப்படையின் கருணாஸ் திருவாடானையிலும் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்றவர்கள். வெளியில் தனிக் கட்சித் தலைவர்களாக இருந்தாலும் பேரவைப் பதிவேட்டில் அவர்கள் அ.தி.மு.க. உறுப்பினர்களே. கட்சிக் கொறடாவின் உத்தரவும் கட்சித்தாவல் தடைச் சட்டமும் அவர்களையும் கட்டுப்படுத்தின. தோழமைக் கட்சிகளைத் தனியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணைகளில் அ.தி.மு.க.வின் எண்ணிக்கை மூன்று குறைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

பேரவையின் முக்கியப் பொறுப்புகளில் இருந்தவர்கள் யார்?

பேரவைத் தலைவராக அவிநாசி உறுப்பினர் ப.தனபாலும், துணைத் தலைவராகப் பொள்ளாச்சி வ.ஜெயராமனும் இருந்தனர். எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலின், எதிர்க்கட்சித் துணைத் தலைவர் துரைமுருகன். காங்கிரஸ் கட்சியின் பேரவைக் குழுவுக்குக் காரைக்குடி உறுப்பினர் கே.ஆர்.ராமசாமி தலைமை வகித்தார். முஸ்லிம் லீக்கின் ஒரே உறுப்பினர் கடையநல்லூரின் முகமது அபூபக்கர். தி.மு.க. தலைவர் மு.கருணாநிதி திருவாரூர் உறுப்பினராக இருந்தார்.

ஒரே பேரவைக்கு மூன்று முதலமைச்சர்கள் அமைந்தது எப்படி?

2016 மே 23-ம் தேதி ஜெயலலிதா பதவியேற்றார். அவர் மறைந்ததும் டிசம்பர் 6-ம் தேதி அதிகாலையில் ஓ.பன்னீர்செல்வம் பதவியேற்றார். 2017 பிப்ரவரி 5-ம் தேதி வி.கே.சசிகலா பேரவைக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட, பன்னீர்செல்வம் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, கட்டாயத்தின் பேரில்தான் விலகினேன் என்று அறிவித்து எதிரணி அமைத்தார். பிப்ரவரி 14-ம் தேதி சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலாவின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பேரவைக் கட்சித் தலைவராக எடப்பாடி கே.பழனிசாமி தேர்ந்தெடுக்கப்பட்டு, பிப்ரவரி 16-ம் தேதி முதலமைச்சரானார்.

2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் 122-க்கு 11 என்ற கணக்கு எப்படி வந்தது?

ஜெயலலிதாவின் இடம் காலியானதால் அன்றைக்கு உறுப்பினர்கள் 233 பேர். அ.தி.மு.க.வின் எண்ணிக்கை 135. அவர்களில் பேரவைத் தலைவர் வாக்களிக்கவில்லை. கோவை வடக்கு உறுப்பினர் பி.ஆர்.ஜி.அருண்குமார் அவைக்கு வரவில்லை. மீதி 133 பேரில் 122 பேர் ஆதரித்தும், பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர்.

மறைமுக வாக்கெடுப்பு வேண்டும் என்று தி.மு.க. வலியுறுத்தியது. கூவத்தூர் விடுதியில் பல நாள் ஒன்றாகத் தங்கவைக்கப்பட்ட உறுப்பினர்கள் நேரே அவைக்கு அழைத்து வரப்பட்ட சூழலில் அந்தக் கோரிக்கையை வெறும் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பேரவைத் தலைவர் அதை ஏற்கவில்லை. அமளியில் அவை இருமுறை ஒத்திவைக்கப்பட்டது; தி.மு.க. உறுப்பினர்கள் அவைக் காவலர்களால் வெளியேற்றப்பட்டனர். காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் வெளிநடப்புச் செய்தன. பிறகு உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் செய்து எண்ணினார்கள்.

எதிர்க்கட்சிகள் அவையில் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். திறந்த வாக்கெடுப்பாக இருந்தவரை மாறியிருக்காது. எதிர்த்த 11 பேருடன் தி.மு.க. 89, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1 ஆகியோரைச் சேர்த்தாலும் 109தான் வரும். ஆதரவு 122. மாறியிருக்கக்கூடியது அவையின் மாண்பு. பிரதான எதிர்க்கட்சியின் இருக்கைகள் வெறுமையாகக் கிடக்க எடுக்கப்பட்ட நம்பிக்கை வாக்கு என்ற குறை அந்த ஆட்சியைக் கடைசிவரை தொடர்ந்தது.

18 உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டது எதற்காக?

2017 ஆகஸ்ட் 21-ம் தேதி பழனிசாமி அணியும் பன்னீர்செல்வம் அணியும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். மறுநாளே சசிகலாவின் உறவினரான டி.டி.வி.தினகரனை ஆதரித்த 19 உறுப்பினர்கள் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சருக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாகத் தனித்தனிக் கடிதம் கொடுத்தனர். அவையில் யாரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைக் கொடுத்ததே, தாமாக முன்வந்து கட்சி உறுப்பினர் பதவியைக் கைவிட்டதற்கு ஒப்பாகும் என்று அரசுத் தலைமைக் கொறடா தாமரை ராஜேந்திரன் பேரவைத் தலைவரிடம் மனு அளித்தார். கம்பம் உறுப்பினர் எஸ்.டி.கே.ஜக்கையன் தம் நிலையை மாற்றிக்கொண்டு முதலமைச்சர் பக்கம் திரும்பினார். மற்ற 18 பேரும் கட்சித்தாவல் தடைச் சட்டமான அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையின்படி 2017 செப்டம்பர் 18-ம் தேதி தகுதிநீக்கம் செய்யப்பட்டனர்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 ஜூன் 14-ம் தேதி தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதிநீக்கம் செல்லும் என்றும், நீதிபதி எம்.சுந்தர் செல்லாது என்றும் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். மூன்றாவது நீதிபதியாக வழக்கை விசாரித்த எம்.சத்தியநாராயணன் 2018 அக்டோபர் 25-ம் தேதி தகுதிநீக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்தார்.

அந்தத் தகுதிநீக்கம் இல்லாதிருந்தால் ஆட்சி நிலைத்திருக்குமா?

நடக்காத ஒன்றுக்கு உறுதியான விடை இல்லை. ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அன்று உறுப்பினர்கள் 233 பேர். 18 பேர் விலகினால் அ.தி.மு.க.வுக்கு மிஞ்சுவது 117. அதிலும் பேரவைத் தலைவரைக் கழித்தால் 116. எதிரே அந்த 18 பேரும் தி.மு.க.வின் 89 பேரும் காங்கிரசின் 8 பேரும் முஸ்லிம் லீக்கின் ஒருவரும் சேர்ந்தால் அதே 116. உடல்நலக் குறைவால் கருணாநிதி அவைக்கு வர இயலாத நிலையில் 115. அதாவது ஆட்சி ஒரே ஒரு வாக்கில் ஊசலாடியிருக்கும். தினகரனின் ஆதரவாளர்களாக அறியப்பட்ட விருத்தாசலம் கலைச்செல்வன், அறந்தாங்கி ரத்தினசபாபதி, கள்ளக்குறிச்சி பிரபு ஆகிய மூவர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

தகுதிநீக்கத்துக்குப் பிறகு அவையின் எண்ணிக்கை 215 ஆகச் சுருங்கியது. பெரும்பான்மைக்கு 108 போதும் என்றாயிற்று. ஆளுங்கட்சியிடம் 117 பேர் இருந்தனர். பேரவைத் தலைவரின் ஓர் உத்தரவு கட்சி நிலவரத்தை எந்த அளவுக்கு மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை இந்த மாநிலத்தின் பேரவை வரலாற்றில் நான் கண்டதில்லை.

நம்பிக்கைத் தீர்மானத்தை எதிர்த்த 11 பேர் ஏன் தகுதிநீக்கம் செய்யப்படவில்லை?

அவர்கள் மீது நடவடிக்கை கோரும் மனுக்களைப் பேரவைத் தலைவர் முடிவு செய்யாமல் வைத்திருந்தார். தி.மு.க. தொடர்ந்த வழக்கில், பேரவைத் தலைவர் முடிவெடுக்காத ஒன்றில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கூறியது. மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 14-ம் தேதி, முடிவெடுக்கும் பொறுப்பைப் பேரவைத் தலைவரிடமே விட்டு வழக்கை முடித்துவைத்தது.

அவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் உறுப்பினர்களாகத் தொடர, ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்கள் சில வாரங்களிலேயே பதவி இழந்தார்கள். எல்லா மனுக்களும் ஒரே கால அளவில் முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தகுதிநீக்க மனுக்களை முடிக்கப் பேரவைத் தலைவருக்குப் பத்தாவது அட்டவணை காலக்கெடு எதையும் விதிக்கவில்லை என்பதுதான் இங்கே அடிப்படைக் குறை.

தகுதிநீக்கத்தால் காலியான 18 தொகுதிகள் எவை?

பூவிருந்தவல்லி, பெரம்பூர், திருப்போரூர், சோளிங்கர், குடியாத்தம், ஆம்பூர், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், அரவக்குறிச்சி, தஞ்சாவூர், நிலக்கோட்டை, ஆண்டிபட்டி, பெரியகுளம், மானாமதுரை, பரமக்குடி, சாத்தூர், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம்.

இந்தப் பட்டியலில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பூவிருந்தவல்லி, குடியாத்தம், அரூர், நிலக்கோட்டை, பெரியகுளம், மானாமதுரை, பரமக்குடி, ஓட்டப்பிடாரம் ஆகிய எட்டும் தனித் தொகுதிகள். மாநிலத்தின் மொத்தத் தொகுதிகளில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காலியானவற்றிலோ அவை ஏறத்தாழப் பாதி. 2017 செப்டம்பரிலிருந்து 2019 மே வரை, 20 மாதங்கள் இந்தத் தொகுதிகளுக்கு உறுப்பினர் இல்லை. இரண்டு நிதிநிலை அறிக்கைகள் மீதான விவாதங்களில் இந்த ஊர்களின் குடிநீரையும் சாலையையும் பள்ளியையும் பற்றிக் கேட்க அவற்றின் சொந்த உறுப்பினர் அவையில் இல்லை. ஆட்சி நிலைக்குமா என்ற கேள்வி பேசப்பட்ட அளவில் ஒரு பங்குகூட இது பேசப்படவில்லை என்பது எனக்கு இன்றுவரை வருத்தம் தருகிறது.

ஆர்.கே.நகரில் வென்ற தினகரன் எந்தக் கட்சியின் கணக்கில் வருகிறார்?

சுயேச்சை. ஜெயலலிதாவின் தொகுதிக்கு 2017 ஏப்ரல் 12-ம் தேதி நடக்கவிருந்த இடைத்தேர்தல் பணப் பட்டுவாடாப் புகார்களால் ரத்தானது. டிசம்பர் 21-ம் தேதி நடந்த தேர்தலில் பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி.தினகரன் 40,707 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2018 மார்ச்சில் அவர் அம்மா மக்கள் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினாலும் அவையில் சுயேச்சை உறுப்பினராகவே இருந்தார். சுயேச்சையாக வென்ற ஒருவர் பின்னர் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி இழப்பார் என்று பத்தாவது அட்டவணை கூறுவதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அ.ம.மு.க. 1 என்று காட்டும் அட்டவணைகள் அரசியல் நிலையைக் காட்டுகின்றனவே தவிர, பதிவேட்டு நிலையைக் காட்டுவதில்லை.

2019-ல் ஒரே காலத்தில் 22 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் வந்தது ஏன்?

18 தொகுதிகள் தகுதிநீக்கத்தால் காலியானவை. 2018 ஆகஸ்ட் 2-ம் தேதி ஏ.கே.போஸும், ஆகஸ்ட் 7-ம் தேதி கருணாநிதியும் மறைந்ததால் திருப்பரங்குன்றமும் திருவாரூரும் காலியாயின. அமைச்சர் பாலகிருஷ்ணா ரெட்டி 2019 ஜனவரியில் ஒரு வழக்கில் மூன்றாண்டு தண்டனை பெற்றுப் பதவி இழந்ததால் ஓசூரும், ஆர்.கனகராஜ் 2019 மார்ச்சில் காலமானதால் சூலூரும் சேர்ந்தன. திருவாரூருக்கு 2019 ஜனவரி 28-ம் தேதி என்று அறிவிக்கப்பட்ட தேர்தல், கஜா புயல் நிவாரணப் பணிகளைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டிருந்தது.

மக்களவைத் தேர்தலோடு ஏப்ரல் 18-ம் தேதி 18 தொகுதிகளிலும், மே 19-ம் தேதி அரவக்குறிச்சி, ஓட்டப்பிடாரம், சூலூர், திருப்பரங்குன்றம் ஆகிய நான்கிலும் வாக்குப்பதிவு நடந்தது. மே 23-ம் தேதி முடிவுகள் வந்தபோது தி.மு.க. 13, அ.தி.மு.க. 9 இடங்களில் வென்றிருந்தன. தேர்தலுக்கு முன் அ.தி.மு.க.விடம் இருந்தது 114; முழு அவையில் பெரும்பான்மைக்கு 118 தேவை. நான்கு இடங்கள் போதும் என்ற நிலையில் ஒன்பது கிடைத்தன. அதே நாளில் எண்ணப்பட்ட மக்களவைத் தேர்தலில் 38 தொகுதிகளில் 37-ஐ தி.மு.க. அணி வென்றிருந்தும், மாநில ஆட்சி நிலைத்ததற்கு அந்த ஒன்பது தொகுதிகளே காரணம். அவை: சோளிங்கர், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், நிலக்கோட்டை, மானாமதுரை, பரமக்குடி, சாத்தூர், விளாத்திகுளம், சூலூர்.

அன்றைய நிலவரம்: அ.தி.மு.க. 123, தி.மு.க. 101, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1, சுயேச்சை 1.

ஒரே உறுப்பினர் ஒரே பதவிக்காலத்தில் இரு கட்சிகளின் சார்பில் வென்றாரா?

ஆம். வி.செந்தில்பாலாஜி 2016 நவம்பரில் அரவக்குறிச்சியில் இரட்டை இலையில் வென்றார். 2017-ல் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். 2018 டிசம்பரில் தி.மு.க.வில் சேர்ந்தார், 2019 மே மாதம் அதே தொகுதியில் உதயசூரியனில் வென்று அதே பேரவைக்குத் திரும்பினார். உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இருமுறை, இரு கட்சிகளின் கீழ் வருவது அச்சுப் பிழை அல்ல.

ஆண்டிபட்டியில் வேறு விதம். அங்கே 2019-ல் தி.மு.க.வின் மகாராஜனும் அ.தி.மு.க.வின் லோகிராஜனும் மோதினர். இருவரும் உடன்பிறந்தோர். மகாராஜன் வென்றார்.

அதிக முறை வாக்களித்த தொகுதி எது?

திருப்பரங்குன்றம். 2016 மே மாதம் வென்றவர் பதவியேற்கவில்லை. நவம்பரில் வென்ற போஸின் வேட்புமனுவுடன் அளிக்கப்பட்ட கட்சி அங்கீகாரப் படிவங்களில், மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் கைரேகை இருந்ததை எதிர்த்து, தோற்ற தி.மு.க. வேட்பாளர் சரவணன் வழக்குத் தொடர்ந்தார். போஸ் மறைந்து ஏழு மாதங்கள் கடந்த பிறகு, 2019 மார்ச் 22-ம் தேதி, அந்த வெற்றி செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 மே மாதம் மூன்றாவது முறையாக வாக்களித்த மக்கள் சரவணனைத் தேர்ந்தெடுத்தனர்.

49 வாக்குகளில் முடிவான ராதாபுரம் வழக்கு என்னவாயிற்று?

2016-ல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். சான்றொப்பக் குறையைக் காட்டித் தள்ளுபடி செய்யப்பட்ட 203 தபால் வாக்குகளை எண்ணியிருக்க வேண்டும் என்பது அப்பாவுவின் வாதம். உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபடி 2019 அக்டோபர் 4-ம் தேதி மறு எண்ணிக்கை நடந்தது. ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பதவிக்காலம் முடியும்வரை கணக்கில் அந்த இடம் அ.தி.மு.க.வுடையதாகவே இருந்தது. அப்பாவு 2021-ல் அதே தொகுதியில் வென்று அடுத்த பேரவையின் தலைவரானார்.

2019 மே மாதத்துக்குப் பிறகு நிலவரம் மாறியதா?

மாறியது. நாங்குநேரியின் காங்கிரஸ் உறுப்பினர் எச்.வசந்தகுமார் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் வென்றதால் பேரவையிலிருந்து விலகினார். விக்கிரவாண்டியின் தி.மு.க. உறுப்பினர் கே.ராதாமணி ஜூன் மாதம் காலமானார். அக்டோபர் 21-ம் தேதி நடந்த இடைத்தேர்தலில் இரண்டையும் அ.தி.மு.க. கைப்பற்றியது. அ.தி.மு.க. 125, தி.மு.க. 100, காங்கிரஸ் 7, முஸ்லிம் லீக் 1, சுயேச்சை 1 என்றானது.

இந்த எண்கள் மாநிலங்களவைத் தேர்தலை எப்படிப் பாதித்தன?

தமிழ்நாட்டுக்குரிய 18 மாநிலங்களவை இடங்கள் ஆறு ஆறாகக் காலியாகின்றன. ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடக்கும்போது, வாக்களிக்கத் தகுதியுள்ள உறுப்பினர் எண்ணிக்கையை ஏழால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் ஒருவர் வெற்றிபெறத் தேவையான வாக்குகள் கிடைக்கும். முழு அவையில் அது 34. நான்கு பேரை வெல்லச் செய்ய 136 வேண்டும். மூன்று பேருக்கு 102 போதும்.

2016 ஜூனில் அ.தி.மு.க.வுக்கு நான்கு, தி.மு.க.வுக்கு இரண்டு என்று போட்டியின்றி முடிந்தது. 2019 ஜூலையில் அ.தி.மு.க.விடம் 123 பேர்தான் இருந்தனர்; தி.மு.க., காங்கிரஸ், முஸ்லிம் லீக் மூன்றும் சேர்ந்து 108 இருந்தது. எனவே மூன்றுக்கு மூன்று. தி.மு.க. தன் பங்கில் ஒன்றை ம.தி.மு.க.வின் வைகோவுக்கும், அ.தி.மு.க. தன் பங்கில் ஒன்றை பா.ம.க.வின் அன்புமணி ராமதாசுக்கும் கொடுத்தன. பேரவையில் ஓர் உறுப்பினரும் இல்லாத இரு கட்சிகள் இப்படி மாநிலங்களவைக்குச் சென்றன. 2020 மார்ச்சிலும் மூன்றுக்கு மூன்றே.

2020-ல் காலியான தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடக்காதது ஏன்?

2020 பிப்ரவரி 27-ம் தேதி திருவொற்றியூர் கே.பி.பி.சாமியும், மறுநாள் குடியாத்தம் காத்தவராயனும் காலமானார்கள், இருவரும் தி.மு.க.வினர். சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி உறுப்பினர் ஜெ.அன்பழகன் கொரோனா தொற்றால் ஜூன் 10-ம் தேதி, தம் பிறந்தநாள் அன்றே உயிரிழந்தார். வேளாண்துறை அமைச்சரும் பாபநாசம் உறுப்பினருமான இரா.துரைக்கண்ணு அதே தொற்றால் அக்டோபர் 31-ம் தேதி மறைந்தார்.

காலியிடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி. எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. பேரவையின் காலம் 2021 மே 24-ம் தேதி முடிய இருந்ததால் சேப்பாக்கத்துக்கும் பாபநாசத்துக்கும் இந்த விலக்கு பொருந்தியது. திருவொற்றியூருக்கும் குடியாத்தத்துக்கும் ஓராண்டுக்கு மேல் காலம் இருந்தது. ஆனால் பெருந்தொற்று குறுக்கே வந்தது. அந்தச் செப்டம்பரில் பேரவைக் கூட்டமே கோட்டையை விட்டுக் கலைவாணர் அரங்கில் இடைவெளி விட்டு அமர்ந்து நடத்தப்பட்ட காலம் அது.

2020 இறுதியில் கட்சி நிலவரம் என்ன?

பேரவைத் தலைவர் உட்பட அ.தி.மு.க. 124, தி.மு.க. 97, காங்கிரஸ் 7, முஸ்லிம் லீக் 1, சுயேச்சை 1, காலியிடம் 4. கட்சியிலிருந்து 2020 ஆகஸ்டில் நீக்கப்பட்ட ஆயிரம்விளக்கு உறுப்பினர் கு.க.செல்வமும் தி.மு.க.வின் 97-ல் அடக்கம். கட்சி ஒருவரை நீக்கிவிட்டதால் மட்டும் அவர் உறுப்பினர் பதவி போய்விடாது. சில அட்டவணைகளில் அ.தி.மு.க. 123 என்றிருந்தால் பேரவைத் தலைவரைத் தனியாகக் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஐந்தாண்டுகளில் அதிக காலம் உறுப்பினர் இல்லாமல் இருந்த தொகுதி எது?

குடியாத்தம். 2016 மே மாதம் அங்கே அ.தி.மு.க.வின் ஜெயந்தி பத்மநாபன் வென்றார். 16 மாதங்களில் அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அடுத்த 20 மாதங்கள் இடம் காலி. 2019 மே மாதம் தி.மு.க.வின் காத்தவராயன் வந்தார். ஒன்பது மாதங்களில் காலமானார். அதன்பின் கடைசிவரை காலி. 60 மாதப் பதவிக்காலத்தில் குடியாத்தத்துக்கு உறுப்பினர் இருந்தது ஏறத்தாழ 25 மாதங்கள்தான். 2021 ஏப்ரல் 6-ம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் தி.மு.க.வின் அமுலு விஜயன் வென்ற பிறகே அந்தத் தொகுதிக்கு மீண்டும் ஓர் உறுப்பினர் கிடைத்தார்.